தொட்டிலுக்கு அறுத்த பலகை

புதன்கிழமை மத்தியானம் போஸ்ட்மேன் நீட்டிய கார்டில் நாலே வரிதான் இருந்தது.

‘மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருப்பதால் தையல்நாயகியையும் குழந்தையையும் கொண்டுவந்து விடுகிறேன். இதற்குள் தொட்டில் முடிந்திருக்கும். நம் வழக்கப்படி, குழந்தை அப்பன் வீட்டுப் படி ஏறியதும் மரத்தொட்டிலில் போட வேண்டும். இப்படிக்கு, கெடார் கண்ணையன்.’

சக்கரபாணி கார்டை இரண்டு தரம் படித்துவிட்டு மெல்லத் தலையைத் தூக்கினான். தொட்டில் செய்வதற்காக மாமனார் அனுப்பிவைத்த பூவரசம் பலகைகள் எதிரில்தான் நின்றிருந்தன. நாலு பலகைகளை இரண்டிரண்டாக ஒட்டி, ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தான். ஒவ்வொன்றிலும் கீழே சோற்றுப்பானை உட்காரும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அதற்கு மேலே ஜன்னல்போல ஒரு நீள ஓட்டை.

அந்த ஓட்டைகளைப் போட்டது சாட்சாத் அவனேதான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ‘சக்கரபாணி ரேடியோஸ்’ என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீடென்றால் ஒரு நீள அறை, அதற்குப் பின்னால் சமையற்கட்டு. செத்துப்போன ரேடியோவைக் கொடுத்தால் பேசவைத்துத் திருப்பித் தருவான். டூ-இன்-ஒன், ஆம்ப்ளிபயர், கல்யாண வீட்டு மைக் எல்லாம் அவன் கைக்கு அடங்கும். அடங்காமல் போனது தையல்நாயகி சொன்ன ஒரே ஒரு பேச்சுதான்.

கல்யாணமான புதிதில் அவளைக் கடையில் உட்காரவைத்து, இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டுப் போட்டுக் காட்டினான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டாள்.

“பாடற ஆளை பொட்டிக்குள்ள போட்டு சாத்திட்ட மாதிரி இருக்குதுங்க. தொறந்து வுட்டா நல்லா பாடுவாரு போல” என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

ஏழாம் மாதம் கெடாரில் வளைகாப்பு நடந்தது. அதோடு அவள் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். தனிக்கட்டையாகத் திரும்பிய சக்கரபாணிக்குப் புதுச்சேரியில் ஒரு பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. அட்டை கிழிந்திருந்தது. நடுப்பக்கத்தில், கதவுபோல நின்ற ஒரு ஸ்பீக்கரின் படம். அதற்குப் பெட்டியே கிடையாது!

கிளியனூர் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே படங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டான். இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு விருத்தாசலம் இருந்தான். விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை, சக்கரபாணிக்குப் பள்ளிக்கூடத்து சிநேகிதன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து டிக்‌ஷனரியும் கையுமாக உட்கார்ந்துகொள்வான்.

இருவருமாகப் புரிந்துகொண்டது இதுதான். பலகையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும். முதுகுப்பக்கம் திறந்தே இருக்க வேண்டும். அந்த ஸ்பீக்கரும் நாம் பார்க்கிற காகிதக் கூம்பு இல்லை. கண்ணாடிபோல மெல்லிய ஒரு தாள். அதன்மேல் மெல்லிய கம்பியை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். தாளுக்குப் பின்னால் வரிசையாகக் காந்தங்கள். கம்பியில் பாட்டு கரண்டாக ஓடும்போது காந்தம் அதை இழுக்கும், தள்ளும். தாள் முழுவதும் ஒரே நேரத்தில் அதிரும்.

எட்டு மாதம் போனது. காந்தத்துக்கு, மர பீரோக் கதவு சாத்திக்கொள்ள வைக்கிற குட்டிக் கட்டைகளைக் கடை கடையாக வாங்கிச் சேர்த்தான். காந்தங்களை ஒட்டுவதற்கு ஓட்டைகள் உள்ள இரும்புத் தகடு வேண்டும். வேர்க்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, உடைக்கிற மில்லில் கழித்துப் போட்ட சல்லடை கிடைத்தது. டிரான்ஸ்பார்மர் சுற்றும்போது சுற்றுக்குச் சுற்று வைக்கிற மைலார் தாளை எடுத்துக்கொண்டான். அலுமினியக் கம்பியை அதன்மேல் வளைத்து வளைத்து ஒட்டியபோது கழனியில் பாத்தி கட்டி வாய்க்கால் விட்டது போலிருந்தது. தாள் மேளத்தோல்போல விறைப்பாக நிற்க வேண்டுமே? இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே காட்டினால் சுருங்கி விறைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஏழு தாள்கள் பொத்தலாயின. அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டும் டூரிங் டாக்கீஸில் கழித்துவிட்ட பன்னிரண்டு அங்குலக் கூம்புகள் இரண்டைப் பிடித்தான்.

பாக்கி பலகைதான். பிளைவுட்டில் வைத்துப் பார்த்தான். பாட்டோடு சேர்ந்து பிளைவுட்டும் பாடியது. அந்தச் சமயம் பார்த்து, கெடாரிலிருந்து வந்த மல்லாட்டை வண்டியில் பூவரசம் பலகைகள் வந்து இறங்கின. விரலால் தட்டினான். கல்லைத் தட்டிய மாதிரி கம்மென்றிருந்தது.

‘ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் கொடுத்துவிடலாம்’ என்றுதான் நினைத்தான். வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஒட்ட வேண்டும். கேட்டுப் பார்க்க வேண்டுமானால் ஓட்டை போட வேண்டும். ரம்பம் அரை வட்டம் ஓடிய பிறகுதான் தொட்டில் ஞாபகம் வந்தது. பாதி ஓட்டையை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பிரயோஜனம் என்று மீதியையும் அறுத்தான்.

கார்டைப் படித்த கையோடு நடராசன் ஆசாரியிடம் ஓடினான்.

“நாளன்னிக்கு தொட்டிலா?” ஆசாரி காதில் சொருகிய பென்சிலைக்கூட எடுக்கவில்லை. “நாலு கால் கடையணும், சட்டம் இழைக்கணும். பத்து நாளாவும். பலகை எங்க?”

“பலகைல கொஞ்சம் ஓட்டை இருக்குதுங்க.”

“எம்மாம் பெருசு?”

சக்கரபாணி இரண்டு கைகளையும் வட்டமாக வளைத்துக் காட்டினான். ஆசாரி எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் விருத்தாசலம் வந்தான். பலகைகளைச் சுவரை ஒட்டி வைத்தால் பின்பக்கத்துச் சத்தம் முட்டிக் குழம்பிவிடும், மூன்றடியாவது தள்ளி வை என்று பத்திரிகை சொன்னது. அந்த அறையில் மூன்றடி தள்ளினால் நேரே நடு உத்திரத்துக்குக் கீழே வந்து நின்றது. இரண்டையும் நிறுத்திவிட்டு விருத்தாசலம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

“இன்னாபா, சாமி வாசல்ல துவாரபாலகர் நிக்கிற மாதிரி கீது?”

“பேஜாரு பண்ணாத. எங்க மாமனாருக்கு இன்னா சொல்றதுன்னு சொல்லு.”

“தொட்டில்தான் இதுன்னு சொல்லிடு. ஓட்டை எதுக்குன்னா, புள்ளைக்கு காத்து வரும்னு சொல்லு.”

சக்கரபாணி ஸ்குரு டிரைவரைத் தூக்கிக் காட்டினான். விருத்தாசலம் சிரித்துக்கொண்டே ரயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குக் கண்ணையன் வந்து இறங்கினார். ஒரு தோளில் மல்லாட்டை மூட்டை, கையில் கேப்பை மாவுத் தூக்கு. பின்னால் தையல்நாயகி. அவள் மார்பில் பொன்னி, ஐந்து மாதத்துக் குழந்தை, கன்னத்தில் மை அப்பிக்கொண்டு. எதிர்வீட்டு அம்சா ஆலம் சுற்றிக் கொட்டினாள். சக்கரபாணி மகளை வாங்கிக்கொண்டான். அவள் அவன் மூக்கைப் பிடித்தாள். அவனுக்குத் தொட்டில், பலகை எல்லாம் ஒரு நிமிஷம் மறந்தே போயிற்று.

மாமனாருக்கு மறக்கவில்லை.

“தொட்டில் எங்க மாப்ள?”

“மொதல்ல தண்ணி குடிங்க மாமா.”

“தண்ணி கெடக்குது. தொட்டில் எங்க?”

கேட்டுக்கொண்டே அறைக்குள் நுழைந்தவர் நின்றார். கிட்டே போய் மரத்தைத் தடவினார்.

“இது நம்ம மரம்.”

“ஆமாங்க மாமா.”

“இது இன்னா?”

“ஸ்பீக்கருங்க மாமா.”

“ஸ்பீக்கருன்னா பொட்டி இருக்கும். பொட்டி எங்க?”

“பொட்டி இல்லைங்க. அதான் இதுல விசேஷம்.”

“தொட்டிலும் இல்ல, பொட்டியும் இல்ல” என்றார் கண்ணையன். குனிந்து நீள ஓட்டையை உற்றுப் பார்த்தார். “மாப்ள, இது மல்லாட்டை மில்லு சல்லடை.”

“ஆமாங்க.”

“சல்லடை பாடுமா?”

சக்கரபாணி தையல்நாயகியைப் பார்த்தான். அவள் வட்ட ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

கண்ணையன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தையலு பொறந்த வருசம் கெணத்து மேட்டுல நட்ட மரம். கதவுக்கு குடு, நெலைக்கு குடுன்னு எத்தினியோ பேரு கேட்டாங்க. அவ புள்ளைக்குன்னு வச்சிருந்து அறுத்தேன். சரி, போனது போச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு விழுப்புரம் பஸ்ஸு. வேற மரம் பாத்து நானே தொட்டில் பண்ணிட்டு சொல்லி அனுப்பறேன். அதுவரிக்கும் பொண்ணும் புள்ளையும் கெடார்லயே இருக்கட்டும்.”

வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

வேறு மரம் பார்த்து, அறுத்து, காயவைத்து, இழைத்து... சக்கரபாணி விரல்விட்டு எண்ணினான். தை பிறந்துவிடும். அதற்குள் பொன்னி நடந்தே வந்துவிடுவாள்.

குழந்தை அழ ஆரம்பித்தது. தையல்நாயகி பழைய புடவை ஒன்றை எடுத்து உத்திரத்து வளையத்தில் கோத்துத் தூளி கட்டினாள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு வளையம். அது இரண்டு பலகைகளுக்கும் நட்டநடுவில் இருந்தது. இடமில்லாமல் பக்கவாட்டில் ஒருக்களித்து நின்று ஆட்டினாள். பத்து நிமிஷத்தில் பொன்னி தூங்கிப்போனாள்.

சக்கரபாணி ஸ்குரு டிரைவரை எடுத்து முதல் திருகில் வைத்தான்.

“இன்னா பண்றீங்க?”

“கழட்டறேன். ஓட்டைக்கு ஒட்டு போட்டு குடுத்தா ஆசாரி ஏதாவது பண்ணுவாரு. மாமா கையில கால்ல வுழுந்தாவது உங்களை நிறுத்திக்கணும்.”

“இம்மா நாளா கெடாருக்கு ஒரு எட்டு வர நேரமில்லைன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, இதுக்குத்தானா?”

“நாலு தபா வந்தேனே!”

“வந்து ஒரு வேளை சோறு தின்னுட்டு ஓடினீங்க. கையெல்லாம் பிசினு. நான் இன்னாவோ ஒடம்புக்குன்னு பயந்தேன். எதுக்குங்க இது?”

“நீதான சொன்ன.”

“நானா?”

“ஆளை பொட்டிக்குள்ள போட்டு சாத்திட்ட மாதிரி இருக்குதுன்னு. தொறந்து வுட்டா நல்லா பாடுவாருன்னு.”

தையல்நாயகி யோசித்தாள். அவளுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. பலகையைப் பார்த்தாள்; ஸ்குரு டிரைவர் பிடித்த விரல்களைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் மூன்று விரல்களில் இருந்தன.

“வாய்க்கு வந்ததை சொல்றவ நானு. அதை புடிச்சிக்கினு ஒரு மனுசன் எங்கப்பன் மரத்த அறுப்பானா?” என்றாள். குரல் மட்டும் இறங்கியிருந்தது. “பாட்டு நல்லா கேக்குதா?”

“தெரியாது.”

“தெரியாதா!”

“ஓடுதான்னு மட்டும் டெஸ்ட் பண்ணேன். மொத பாட்டு நீ வந்தப்புறம்னு வச்சிருந்தேன்.”

அவள் தூளியை ஒரு தரம் ஆட்டிவிட்டாள். “ஒரு தபா போட்டுட்டு கழட்டுங்க.”

“புள்ள எழுந்துக்கும்.”

“மெதுவா போடுங்க.”

சக்கரபாணி டிராயரைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்தான். கெடாரில் வளைகாப்பன்று பந்தல்காலில் டேப் ரெக்கார்டரைக் கட்டித் தொங்கவிட்டுப் பதிவு செய்தது. இதுவரை அவன் யாருக்கும் போட்டதில்லை. ஆம்ப்ளிபயரில் கம்பியை மாட்டினான். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பொத்தானை அழுத்தினான்.

முதலில் ‘உஸ்’ஸென்று காற்று. பிறகு வளையல்.

ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்த மாதிரியே இல்லை. கண்ணாடி வளையல்கள் அந்த அறையில், கையெட்டும் தூரத்தில், ஒன்றோடொன்று உரசின. பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். யாரோ நலங்குப் பாட்டு எடுத்தாள். இன்னொருத்தி பின்னாலிருந்து தப்புத் தப்பாகச் சேர்ந்துகொண்டாள். பந்தலில் எங்கோ தூரத்தில் பாத்திரம் உருண்டது. அது நிஜமாகவே தூரத்தில் உருண்டது. நடுவில் ஒரு சிரிப்பு. தையல்நாயகியின் சிரிப்பு.

அவள் சட்டென்று பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே சல்லடையும் கம்பியும்தான் இருந்தன. ஆனால் அங்கேயும் அதே வளையல் சத்தம், முன்னால் கேட்டது போலவே.

“ஏங்க” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சக்கரபாணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு மாதமாக அவன் கேட்க நினைத்த பாட்டு அதுதான்.

திடீரென்று அவளுக்குக் குழந்தை ஞாபகம் வந்தது. பதறித் தூளியை விலக்கிப் பார்த்தாள். பொன்னி வாயைச் சப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்த தையல்நாயகி அப்படியே நின்றாள். தலையை வெளியே நீட்டினாள். மறுபடி தூளிப்பக்கம் கொண்டுபோனாள்.

“இங்க வாங்களேன். இங்க சத்தமே காணமே!”

சக்கரபாணி போய்க் குனிந்தான். பலகைகளின் ஓரத்துக்கு நேராக, தூளி தொங்கிய இடத்தில், பாட்டு பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல இருந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தால் கல்யாண வீடு. பின்னால் வைத்தாலும் கல்யாண வீடு.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பத்திரிகையில் எட்டு என்ற நம்பரைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு படம் இருந்தது. முன்னால் போகிற சத்தமும் பின்னால் போகிற சத்தமும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும் என்று விருத்தாசலம் டிக்‌ஷனரி பார்த்துச் சொன்னான். அதை இந்த ஸ்பீக்கரின் கோளாறு என்று நினைத்து அந்தப் பக்கத்தையே இருவரும் புரட்டிவிட்டார்கள்.

“கோளாறா?” என்றாள் தையல்நாயகி. “எம்மவளுக்குன்னே பண்ண மாதிரி இருக்குது.” சொல்லிக்கொண்டே கை நீட்டிச் சத்தத்தை அவளே கூட்டினாள். பொன்னி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

அந்த நேரத்தில்தான் கேசட்டில் பந்தி ஆரம்பமாயிற்று. பந்தியோடு மாமியார் கோவிந்தம்மாளின் குரலும்.

“இந்தா மனுசா! மொத பந்திலயே குந்திட்டியா? சம்மந்தி வூட்டுக்காரங்க நின்னுக்கினு இருக்கிறாங்க, நீ பாட்டுக்கு பாயசத்துக்கு எலைய நீட்டிக்கினு கீற! எழுந்து வா!”

“தோ வந்துட்டேன்!” என்று சந்திலிருந்து பதில் வந்தது.

கண்ணையன் வெற்றிலைப் பொட்டலத்தோடு உள்ளே ஓடிவந்தார். “கோவிந்தம்மா, நீ எப்ப வந்த?”

அறையில் மகளும் மாப்பிள்ளையும்தான் இருந்தார்கள். குரல் மட்டும் தொடர்ந்து திட்டிக்கொண்டிருந்தது. சமையற்கட்டில் இருக்கிறாளோ என்று பலகைகளைத் தாண்டிப் பின்னால் போனார். தாண்டும்போது குரல் அடங்கியது. பின்னால் போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது. சமையற்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார். தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் அவருக்குப் பிடிபட்டது. நீள ஓட்டைக்கு எதிரே குனிந்து, சல்லடையை ஒரு தரம், மாப்பிள்ளையை ஒரு தரம் பார்த்தார்.

“அன்னிக்கு திட்டினது.”

“ஆமாங்க மாமா.”

“எதிர்ல நின்னு திட்ற மாதிரியே கீதே.” குரலில் கோபத்தைத் தேடினால்கூடக் கிடைத்திருக்காது. பிறகு பலகைகளின் நடுவே தூளியைப் பார்த்தார். தலையை மெல்ல அதற்குள் விட்டார். அங்கேயே சற்று நேரம் நின்றார்.

“இந்த எடத்துல மட்டும் அவ பேச்சு கேக்கலியே, எப்பிடி?”

சக்கரபாணி சொன்னான். முன் சத்தம், பின் சத்தம், எட்டு நம்பர் எல்லாவற்றையும் சொன்னான். கண்ணையனுக்கு அதில் பாதி விளங்கியது.

“மாப்ள, கெடார் வூட்ல எனக்கு இந்த மாதிரி ஒரு எடம் பண்ணிக் குடுக்க முடியுமா? ஒரு கட்டில் போடற அளவுக்கு இருந்தா போதும்.”

தையல்நாயகியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கேசட்டில் சிரித்தவளும் அறையில் சிரித்தவளும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். பொன்னி அப்போதும் எழுந்திருக்கவில்லை.

கண்ணையன் உத்திரத்து வளையத்தை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. இரண்டு பக்கத்துப் பலகைகளையும் ஆட்டிப் பார்த்தார். அவையும் அசையவில்லை.

“நம்ம மரத்துக்கு நடுவுல புள்ள தூங்கணும். அதான வழக்கம்? தூங்குது” என்றார். “ஆனா ஒண்ணு மாப்ள, அடுத்த புள்ளைக்கு பலகை அனுப்ப மாட்டேன். தொட்டிலாவே அனுப்புவேன். வந்த அன்னிக்கே ஓட்டை போடாதீங்க.”

சக்கரபாணி ஸ்குரு டிரைவரை டிராயரில் போட்டு மூடினான்.

கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்து ‘டக்’கென்று நின்றது. கண்ணையன் பலகைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“அந்த பந்தி வர்ற எடத்துலேர்ந்து மறுக்கா போடுங்க.”

அவன் ஓட்டிப் போட்டான். கோவிந்தம்மாள் மறுபடி ஆரம்பித்தாள். அவர் சுண்ணாம்பு தடவ மறந்து, வெறும் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தரம் போட்டபோது மணி நாலே முக்கால்.

“அப்பா, அஞ்சு மணிக்கு பஸ்ஸுன்னியே?” என்றாள் தையல்நாயகி, வேண்டுமென்றே.

கண்ணையன் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி, சும்மா இரு என்று காட்டினார்.

“உங்கம்மா பேசி முடிக்கட்டும். பாதில எழுந்து போனா, அதுக்கும் சேர்த்து திட்டுவா.”